ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் குடும்பங்கள் ஏன் கன்ட்ரி பாடுகின்றன?

கேள்வி இதுதான்: "ஆஸ்திரேலியப் பூர்வகுடிக் குடும்பம் ஒன்று, அப்பாவும் பிள்ளைகளுமாகக் கவ்பாய் தொப்பி போட்டுக்கொண்டு கன்ட்ரி பாட்டுப் பாடும் வீடியோ ஒன்று பார்த்தேன். கன்ட்ரி அமெரிக்க வெள்ளைக்காரர்களின் இசைதானே? பல்லாயிரம் வருடப் பண்பாட்டை வைத்துக்கொண்டு இவர்கள் ஏன் இதைப் பாட வேண்டும்? சொந்தப் பாட்டு அழிந்துபோனதாலா?"

இதே கேள்வி எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. டாம்வொர்த் போன பிறகுதான் அது மாறத் தொடங்கியது. நியூ சவுத் வேல்ஸில் உள்ள அந்த ஊரில் வருடா வருடம் ஜனவரியில் கன்ட்ரி இசைத் திருவிழா நடக்கும். கோல்டன் கிட்டார் விருதுகள் 1973இலிருந்து அங்கேதான் வழங்கப்படுகின்றன. விழா நாட்களில் பீல் ஸ்ட்ரீட் முழுக்கத் தெருப் பாடகர்கள்தான். நான் போன அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு கடையின் நிழலில் ஒரு பூர்வகுடிக் குடும்பம் பாடிக்கொண்டிருந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க அப்பா, இரண்டு மகன்கள், ஒரு மகள், அப்புறம் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அதையே தாளமாகத் தட்டிக்கொண்டிருந்த பத்து வயதுப் பையன். பாட்டின் நடுவே அப்பாவின் கிட்டாரில் ஒரு கம்பி அறுந்தது. அவர் பாட்டை நிறுத்தவில்லை. கிட்டாரைக் கழற்றிப் பின்னால் நீட்டினார். சின்ன மகன் வாங்கிக்கொண்டு தரையில் குந்தி, அறுந்த கம்பியை உருவி, புதுக் கம்பியைக் கோத்து முறுக்கி, காதை உடலோடு ஒட்டவைத்துச் சுதி பார்த்து, கடைசிச் சரணம் தொடங்குவதற்குள் அப்பாவின் தோளில் திரும்ப மாட்டிவிட்டான். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிட்டார் வந்து சேரும் என்று அவருக்குத் தெரியும்.

கடன் வாங்கிய இசையை யாரும் இப்படிப் பாட மாட்டார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன். ஏன் அப்படி என்பதைப் பிறகுதான் தேடித் தேடித் தெரிந்துகொண்டேன்.

முதலில் தொப்பியைப் பற்றி. அமெரிக்கப் படங்களைப் பார்த்துப் பழகியதால் கவ்பாய் என்றதும் நமக்கு வெள்ளைக்கார முகம் நினைவுக்கு வருகிறது. வட ஆஸ்திரேலியாவில் மாடு மேய்த்தவர்கள், காளையை மடக்கியவர்கள், குதிரையைப் பழக்கியவர்கள், மந்தையை வாரக்கணக்கில் ஓட்டிப்போனவர்கள் பெரும்பாலும் பூர்வகுடி மக்கள். அவர்களுடைய நிலத்தை எடுத்துக்கொண்டு அதிலேயே அவர்களை வேலைக்கு வைத்த பண்ணைகள்தாம் அங்கே உள்ள ஸ்டேஷன்கள். ஒரு ஸ்டேஷன் நம் ஊர் மாவட்டம் அளவுக்குக்கூட இருக்கும். கூலி என்று பெரிதாக எதுவும் கிடையாது. மாவு, தேயிலை, சர்க்கரை, கொஞ்சம் இறைச்சி, ஒரு ஜோடி பூட்ஸ், ஒரு தொப்பி. ஆக, அந்தத் தொப்பியை மேடை அலங்காரம் என்று நினைத்துவிடக் கூடாது. இன்றைக்குப் பாடுபவரின் தாத்தா அதை வெயிலுக்காகப் போட்டிருந்தார்.

அந்த ஸ்டேஷன்களுக்கும், பாதிரிமாரும் அரசும் பூர்வகுடிகளைக் குடியமர்த்தி வைத்திருந்த மிஷன்களுக்கும் 1930களில் சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் வந்து சேர்ந்தது. கூடவே ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற அமெரிக்கரின் இசைத்தட்டுகளும் வந்தன. 1936இல் டெக்ஸ் மார்ட்டன் என்ற பாடகர் சிட்னியில் கன்ட்ரிப் பாட்டுகளைப் பதிவுசெய்யத் தொடங்கினார். பட்டி வில்லியம்ஸும் ஸ்லிம் டஸ்டியும் அவருக்குப் பின்னால் வந்தார்கள். குதிரை, மந்தை, நெடுந்தூரப் பாதை, வீட்டைப் பிரிந்த ஏக்கம், சிறை, இறந்துபோன அம்மா: அந்தப் பாட்டுகளில் இருந்ததெல்லாம் இவைதாம். கேட்டவர்களுக்கு இதில் எது அந்நியம்? சிட்னியில் மாடிவீட்டில் இருந்தபடி அதைக் கேட்டவர்களைவிட, வேலியோரம் உட்கார்ந்து கேட்ட பூர்வகுடி மேய்ப்பருக்கு அது நெருக்கமாகப் பட்டதில் வியப்பில்லை. கிட்டாரும் வசதியான வாத்தியம். சேணத்தில் கட்டித் தூக்கிப் போகலாம், மின்சாரம் வேண்டாம், மூன்று கார்டு தெரிந்தால் நூறு பாட்டு வாசிக்கலாம்.

ஸ்லிம் டஸ்டி தொலைதூரப் பூர்வகுடிக் குடியிருப்புகளுக்கும் போய்ப் பாடியவர். 'ட்ரம்பி' என்ற அவருடைய பாட்டை இன்றும் அங்கே உயிராக நேசிக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பூர்வகுடி மேய்ப்பர், தண்ணீரில் விஷம் என்று எழுதி வைத்திருந்த பலகையைப் படிக்க முடியாமல் அதைக் குடித்து இறந்துபோகும் கதை அது. அதே மாதிரி சார்லி பிரைடு. மிசிசிப்பியில் பருத்தி பறித்த குடும்பத்தில் பிறந்த கறுப்பினக் கன்ட்ரிப் பாடகர். அவருடைய கேசட் இல்லாத பூர்வகுடி வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்ற அளவுக்கு அவர் அந்த மக்களுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

ஆனால் இசைத்தட்டு வந்ததால்தான் குடும்பமாகப் பாடத் தொடங்கினார்கள் என்று நினைக்க வேண்டாம். அது அதற்கு முன்பே இருந்தது. பூர்வகுடிப் பாடகர் ஜிம்மி லிட்டிலின் குடும்பத்தைப் பாருங்கள். அவர் 1937இல் மரே ஆற்றங்கரையில் உள்ள கம்மராகுஞ்சா மிஷனில் பிறந்தார். அம்மா வழியில் யோர்ட்டா யோர்ட்டா இனம். 1939 பிப்ரவரியில் அந்த மிஷனின் நிர்வாகக் கொடுமை தாங்காமல் சுமார் 200 பேர் ஆற்றைக் கடந்து வெளியேறினார்கள். ஆஸ்திரேலியப் பூர்வகுடி வரலாற்றில் மிக முக்கியமான வெளிநடப்பு அது. அதற்குப் பிறகு ஜிம்மி வளர்ந்தது நியூ சவுத் வேல்ஸின் தென்கடற்கரையில், அப்பாவின் ஊர்ப்பக்கமான வாலகா லேக் பகுதியில். அப்பா அம்மா இருவருமே மேடைக் கலைஞர்கள். அப்பா ஒரு கம்லீஃப் பேண்டுக்குத் தலைவர்.

கம்லீஃப் என்றால் யூகலிப்டஸ் இலை. பூவரசு இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதி வளர்ந்தவர்களுக்கு இதன் அடிப்படை புரியும், ஆனால் அவர்கள் இலையைச் சுருட்டுவதில்லை. தளிராகவும் இல்லாமல் காய்ந்தும் போகாமல் நடுப்பதத்தில் ஓர் இலையாகப் பார்த்துப் பறித்து, இரண்டு கை விரல்களாலும் அதை விறைப்பாக இழுத்து உதட்டில் ஒட்டவைத்து ஊதுவார்கள். உதட்டின் அழுத்தம் கூடினால் சுதி ஏறும், தளர்ந்தால் இறங்கும். துளை கிடையாது, கட்டை கிடையாது. ராகம் முழுக்க உதட்டிலும் காதிலும்தான். பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்று இலையில் தேவாலயப் பாட்டும் அணிவகுப்புப் பாட்டும் ஊதினால் கேட்பதற்கு வயலின் கூட்டம்போல இருக்கும். வாலகா லேக் இலைக் குழு 1932இல் சிட்னி ஹார்பர் பாலத் திறப்பு விழாவிலும் வாசித்தது.

அந்த வீட்டில் வளர்ந்த பையன்தான் 1955இல் சிட்னிக்கு வந்து, தம்பி ஃப்ரெடியையும் சேர்த்துக்கொண்டு ஜிம்மி லிட்டில் டிரியோ என்று பாடினார். 1963இல் வெளிவந்த 'ராயல் டெலிபோன்' 75,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. கடவுளோடு தொலைபேசியில் பேசுவதுபோல் அமைந்த ஒரு பக்திப் பாட்டு. பூர்வகுடிக் கலைஞர் ஒருவரை நாடு முழுக்க அறியவைத்த முதல் பாட்டுகளில் ஒன்று என்று அதைத் தயங்காமல் சொல்லலாம். எவ்வளவு மெல்லிய குரல் என்றால், பக்கத்து அறையில் குழந்தை தூங்கினாலும் எழுந்திருக்காது. அந்த வருடம் அவருடைய மக்களை நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் சேர்ப்பதற்கே அரசியல் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1967இல் நடந்த பொதுவாக்கெடுப்பில்தான் அது மாறியது. 1999இல் அவர் ஆஸ்திரேலிய இசைப்பதிவுத் துறைச் சங்கமான ஏரியாவின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். 2012இல் காலமானார். மகள் ஃப்ரான்சஸ் பீட்டர்ஸ்-லிட்டில் வரலாற்று அறிஞர், பாடவும் செய்பவர். பேரனும் இசைக் கலைஞர். இலை ஊதிய தாத்தாவிலிருந்து எண்ணினால் நான்காவது தலைமுறை.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். சொந்தப் பாட்டு அழிந்துபோனதால்தான் இதைப் பிடித்துக்கொண்டார்களா?

பல இடங்களில் அழிக்கப்பட்டது உண்மை. மிஷன்களில் தாய்மொழி பேசினால் தண்டனை, சடங்குகளுக்குத் தடை. ஆனால் பாலைவன நடுப்பகுதியில் பழைய பாட்டு உயிரோடு இருக்கும் இடங்களிலும் கன்ட்ரி பாடுகிறார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு என்பது என் எண்ணம். அங்கே மரபுப் பாட்டு என்றால் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பாடக்கூடியது அல்ல. ஒரு மலைக்கு, ஒரு நீர்க்குழிக்கு, ஒரு வழித்தடத்துக்கு உரிய பாட்டு உண்டு. அதைப் பாடும் உரிமை குறிப்பிட்ட சிலருக்கு மட்டும். சிலவற்றை ஆண்கள் மட்டுமே கேட்கலாம், சிலவற்றைப் பெண்கள் மட்டுமே. அதைக் கேசட்டில் போட்டு விற்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். கன்ட்ரி அப்படியல்ல. அதே மலையைப் பற்றி, அதே ஊரைப் பற்றி, எந்தச் சட்டத்தையும் மீறாமல், எல்லோர் முன்னாலும், குழந்தைகளோடும் சேர்ந்து பாட அது ஒரு பொதுவெளியைத் திறந்துவிட்டது. இரண்டும் ஒன்றை ஒன்று விரட்டவில்லை. இரவுச் சடங்கில் பழைய பாட்டைப் பாடும் அதே ஆள் சனிக்கிழமை மாலை கிட்டாரும் எடுப்பார்.

அந்த 'கன்ட்ரி' என்ற சொல்லையே பாருங்கள். வெள்ளைக்காரர் வாயில் அது நாடு அல்லது நாட்டுப்புறம். பூர்வகுடி மக்கள் பேசும் ஆங்கிலத்தில் அதன் பொருள் வேறு. தமிழில் 'எங்க மண்' என்று சொல்லும்போது வருமே ஒரு கனம், கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அதைவிடவும் கூடுதல். நிலம், நீர், விலங்கு, முன்னோர், கதை, சட்டம் எல்லாம் சேர்ந்தது கன்ட்ரி. அதை ஓர் ஆளைப்போலப் பேசுவார்கள். கன்ட்ரியோடு பேசுவோம், கன்ட்ரியைக் கவனித்துக்கொள்வோம், கன்ட்ரி நம்மைத் தேடும் என்பார்கள். இப்படிப்பட்ட ஒரு சொல்லைப் பெயராகக் கொண்ட இசை அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹெர்மன்ஸ்பர்க் இதற்கு நல்ல உதாரணம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே உள்ள இந்த ஊரை அங்குள்ளவர்கள் ந்தாரியா என்பார்கள். 1877இல் ஜெர்மானிய லூத்தரன் பாதிரிமார் அங்கே மிஷன் அமைத்தார்கள். அவர்கள் தேவாலயப் பாட்டுகளை மேற்கு அரண்டா மொழிக்கு மாற்றினார்கள். அதனால் அங்கே ஒரு விசித்திரம் நடந்தது: ஜெர்மனியிலிருந்து வந்த நான்கு குரல் ஒத்திசைவு பாலைவனத்தில் அரண்டா மொழியில் நூறு வருடத்துக்கு மேல் பாடப்பட்டு வருகிறது. அந்தப் பகுதிப் பெண்களின் பாடற்குழு 2015இல் ஜெர்மனிக்கே போய் அவர்களுடைய பழைய பாட்டுகளை அவர்களிடமே பாடிக் காட்டியது.

அந்த ஊர்க்காரர் கஸ் வில்லியம்ஸ். கன்ட்ரிப் பாடகர், ஊர்ப் பெரியவர், ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா பதக்கம் பெற்றவர். கன்ட்ரி எபொனி என்பது அவருடைய பேண்டு. மகன் வாரன் எச். வில்லியம்ஸ் 1963இல் பிறந்தவர், சின்ன வயதிலேயே அப்பாவிடம் கிட்டார் பிடிக்கக் கற்றவர். தேவாலயத்தில் குரல் ஒத்திசைவு, வீட்டில் கன்ட்ரி. இரண்டும் ஒரே காதுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை வாரனின் பாட்டில் கேட்கலாம். குரல் எங்கேயும் துள்ளாது, அவசரப்படாது, வரிக்கு வரி நின்று நிதானித்துப் போகும். 1998இல் வெள்ளைக்காரக் கன்ட்ரிப் பாடகர் ஜான் வில்லியம்சனோடு சேர்ந்து 'ரெய்னிங் ஆன் த ராக்' பாடினார். உளுரு பாறையில் மழை விழுவதைப் பற்றிய பாட்டு. வில்லியம்சன் அதை 1986இலேயே தனியாகப் பாடியிருந்தார். அந்த மண்ணின் ஆள் ஒருவர் சேர்ந்து பாடியபோதுதான் பாட்டு முழுமை அடைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. வாரன் காமா வானொலியில் அறிவிப்பாளராகவும் இருந்தார். வடக்கே வாருமுங்கு இனத்துப் பாடகர்களோடு சேர்ந்து அவர்களுடைய மரபுப் பாட்டையும் தன் கன்ட்ரியையும் ஒரே ஆல்பத்தில் கொண்டுவந்திருக்கிறார்.

காமா என்று சொன்னேனே, அதைப் பற்றி இரண்டு வரி. மத்திய ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஊடகச் சங்கம் என்பது அதன் விரிவு. 1980இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் தொடங்கினார்கள். சொந்த வானொலி, சொந்தப் பதிவுக்கூடம். பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத குடும்ப பேண்டுகளைக் கேசட்டில் பதிவுசெய்து கடைகளுக்கு அனுப்பினார்கள். பாலைவனச் சாலையில் போகும் ஒவ்வொரு காரிலும் அந்தக் கேசட்டுகள் ஓடின. அது இல்லாமல் இருந்தால் இந்த மரபில் பாதி வீட்டு முற்றத்தோடு நின்றிருக்கும்.

சரி, ஏன் குறிப்பாகக் குடும்பம்? இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிற இடம்.

ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை ஆஸ்திரேலிய அரசுகளும் மிஷன்களும் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்துப்போயின. 1997இல் வெளியான தேசிய விசாரணை அறிக்கை, அந்தக் காலத்தில் பத்தில் ஒரு குழந்தையிலிருந்து மூன்றில் ஒரு குழந்தை வரை இப்படிப் பிரிக்கப்பட்டதாக மதிப்பிட்டது. 2008 பிப்ரவரியில்தான் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அறிக்கைக்கும் மன்னிப்புக்கும் பல வருடங்களுக்கு முன்பே இதைப் பாட்டில் சொல்லிவிட்டார்கள். பாப் ராண்டல் சிறுவனாக இருந்தபோது அம்மாவிடமிருந்து எடுத்துப்போகப்பட்டவர். 1970 வாக்கில் அவர் பாடிய 'மை பிரவுன் ஸ்கின் பேபி, தே டேக் இம் அவே' ஒரு கன்ட்ரி மெட்டுதான். குழந்தையைப் பறிகொடுத்த தாயின் கதை. செய்தித்தாள் எழுதாத காலத்தில் கிட்டார் அதைச் சொன்னது. ஆர்ச்சி ரோச் 1990இல் 'டுக் த சில்ரன் அவே' பாடியபோது நாடு அதிர்ந்தது. அந்தப் பாட்டுக்கு முன்னோடி இது.

குடும்பத்தைக் கலைப்பதே சட்டமாக இருந்த நாட்டில், அப்பா நடுவில் நின்று பாட, மகன் லீட் வாசிக்க, மகள் மேல்குரல் எடுக்க, பேரன் பெட்டியைத் தட்ட ஒரு பேண்டு நிற்கிறது. டாம்வொர்த் தெருவில் நான் பார்த்ததை இப்படித்தான் இப்போது நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கிட்டார் கைமாறியதற்கு நான் அன்று நினைத்ததைவிட அர்த்தம் அதிகம்.

இந்த பேண்டுகளில் 'தம்பி', 'அண்ணன்' என்று அறிமுகப்படுத்துவதைக் கேட்டு வெளிநாட்டு ரசிகர்கள் குழம்புவார்கள். ஒரு வீட்டில் இத்தனை பிள்ளைகளா என்று. தமிழருக்கு அந்தக் குழப்பம் வரக் கூடாது. பூர்வகுடி உறவுமுறையில் பெரும்பாலும் அப்பாவின் சகோதரரும் அப்பாதான், அம்மாவின் சகோதரியும் அம்மாதான். அவர்களுடைய பிள்ளைகள் உடன்பிறப்புகள். அம்மாவின் சகோதரர் மட்டும் வேறு, அவர் மாமா. நாம் பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி, மாமா என்று பிரிப்பதும் இதே கணக்குத்தான். மானிடவியலாளர்கள் திராவிட உறவுமுறையையும் மேற்கு ஆஸ்திரேலியாவின் காரியேரா இனத்து முறையையும் நெடுங்காலமாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்து வருகிறார்கள். பெரியப்பா மகன் பேஸ் வாசித்தால் அவன் அண்ணன்தானே. அவனை வேறு எப்படி அறிமுகம் செய்வது?

ரோஜர் நாக்ஸைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. கமிலராய் இனத்தவர், 1948இல் பிறந்தவர், குவீன்ஸ்லாந்து எல்லையோரம் உள்ள டூமலா மிஷனில் வளர்ந்தவர். கூரிகளின் கன்ட்ரி ராஜா என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். நியூ சவுத் வேல்ஸ் பக்கத்துப் பூர்வகுடிகள் தங்களைக் கூரி என்று சொல்லிக்கொள்வார்கள். 1980களின் தொடக்கத்தில் அவர் போன சின்ன விமானம் விழுந்தது. பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய மீட்பு விமானமும் விழுந்தது. உடம்பெல்லாம் தீக்காயம். அதிலிருந்து எழுந்து வந்து பாடினார். அவருடைய யூராபா பேண்டு போன இடங்கள் எவை என்று பாருங்கள்: மிஷன்கள், ஊர்ப்புறக் குடியிருப்புகள், சிறைச்சாலைகள். ஆஸ்திரேலியச் சிறைகளில் பூர்வகுடி மக்கள் அவர்களுடைய மக்கள்தொகைக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு அதிகமாக அடைக்கப்பட்டிருக்கிறார்கள். ஆக, சிறைக்குப் போய்ப் பாடுவது அவருக்குச் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவது மாதிரி. வட அமெரிக்காவிலும் சிறைகளுக்குப் போய்ப் பாடியிருக்கிறார்.

மகன் பட்டி நாக்ஸ் இளம் வயதிலேயே அப்பாவின் பேண்டில் கிட்டார் எடுத்தவர். அந்தப் பயணங்களில்தான் கற்றார். பிறகு ப்ளூஸ் பக்கம் போய் அங்கே பெயர் எடுத்தார். அப்பாவின் வழியை விட்டுவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. மரபு என்றால் அப்படியே நகல் எடுப்பது என்று அந்தக் குடும்பங்களில் யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை. 2013இல் ரோஜர் ஓர் ஆல்பம் கொண்டுவந்தார், 'ஸ்ட்ரேஞ்சர் இன் மை லேண்ட்'. தனக்கு முன்னாலும் தன்னோடும் பாடிய பூர்வகுடிக் கன்ட்ரிக் கலைஞர்களின் பாட்டுகளை அதில் திரட்டிப் பாடினார். விக் சிம்ஸும் அவர்களில் ஒருவர். பாதர்ஸ்ட் சிறையில் கைதியாக இருந்தபோது, 1973இல், சிறைக்குள்ளேயே ஒரு மணி நேரத்தில் ஒரு முழு ஆல்பத்தைப் பாடிக் கொடுத்தவர் விக். டூகி யங்கும் உண்டு. வில்கானியா ஊரில் வாழ்ந்தவர். குடித்ததற்காகப் பிடித்து உள்ளே போட்ட காலத்தில் அந்த அனுபவத்தையே பாட்டாக்கியவர். 1960களில் ஒரு மானிடவியலாளர் டேப் ரெக்கார்டரோடு போயிருக்காவிட்டால் அந்தக் குரல் நமக்குக் கிடைத்திருக்காது.

நகரத்திலும் இது நடந்தது. 1970களில் மெல்பர்னில் ஹாரி வில்லியம்ஸும் மனைவி வில்காவும் கன்ட்ரி அவுட்காஸ்ட்ஸ் என்ற பேண்டை நடத்தினார்கள். விராட்ஜுரி இனத்தவரான ஹாரி, கௌராவில் உள்ள எராம்பி மிஷனிலிருந்து வந்தவர். முதல் தேசியப் பூர்வகுடிக் கன்ட்ரி இசை விழா 1976இல் கான்பெராவில் நடந்ததற்கு இவர்கள்தாம் முக்கியக் காரணம். மெல்பர்னின் ஃபிட்ஸ்ராய் தெருக்களைப் பற்றி ஹாரி எழுதிய பாட்டில் குதிரையும் இல்லை, மந்தையும் இல்லை. ஊரைவிட்டு வந்து நகரத்துத் தெருவில் சொந்த முகங்களைத் தேடும் மனிதன்தான் இருக்கிறான். அதுவும் கன்ட்ரிதான்.

ஊரைவிட்டு ஏன் வந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1966 ஆகஸ்டில் வேவ் ஹில் ஸ்டேஷனில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிஞ்ஜி மக்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். கூலியும் நிலமும் கேட்டு. 1968 முதல் மேய்ச்சல் தொழிலில் சம ஊதியம் சட்டமானது. நியாயமான சட்டம். ஆனால் பல பண்ணை முதலாளிகள் கூலி தருவதற்குப் பதிலாகக் குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். ஹெலிகாப்டரும் மோட்டார் பைக்கும் மந்தையை ஓட்ட வந்தன. பிறந்த மண்ணில் மேய்ப்பராக இருந்தவர்கள் டவுன் ஓரத்துக் குடிசைகளில் வந்து விழுந்தார்கள். அதற்குப் பிறகு பாடிய பழைய மேய்ப்பர் பாட்டுகளில் ஏக்கம் இரட்டிப்பாகக் கேட்கிறது என்றால், காரணம் இதுதான்.

மேற்கே ப்ரூம் ஊரில் ஏழு சகோதரர்கள் சேர்ந்த பிக்ரம் பிரதர்ஸ் உண்டு. முத்துக்குளிக்கும் துறைமுகம் அது. ஜப்பானியர், மலாய்க்காரர், ஃபிலிப்பினோக்கள், சீனர்கள் எல்லோரும் வந்து கலந்த ஊர். அதனால் அவர்களுடைய கன்ட்ரியில் புழுதி வாசனைக்குப் பதிலாக உப்புக்காற்று அடிக்கும், கிட்டாரோடு உகுலேலேயும் மாண்டலினும் வரும். 1997இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயரே 'சால்ட்வாட்டர் கன்ட்ரி'. உப்புநீர் மண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பல பூர்வகுடிச் சமூகங்களில் இறந்தவரின் பெயரைத் துக்க காலத்தில் சொல்ல மாட்டார்கள். அவருடைய படத்தைக் காட்ட மாட்டார்கள், குரலை ஒலிபரப்ப மாட்டார்கள். பாடகர் ஒருவர் இறந்தால் அந்தப் பகுதி வானொலியிலிருந்து அவருடைய பாட்டும் நின்றுபோகும். எப்போது திரும்ப ஒலிக்கலாம் என்பதைக் குடும்பம் முடிவு செய்யும். ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சிக்கு முன்னால் வரும் எச்சரிக்கை வரி இதற்காகத்தான். குடும்ப பேண்டில் அப்பா இறந்தால், வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டுகள் வருடக்கணக்கில் யார் வாயிலும் வராமல் கிடக்கும். பிறகு ஒரு நாள் குடும்பம் சம்மதிக்கும்போது மகன் அதைப் பாடுவான். அந்த முதல் தடவையைக் கேட்கும் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது வெறும் பழைய பாட்டாக இருக்காது. நான் மேலே எழுதிய பெயர்கள் எல்லாம் பொதுவில் வழங்குபவை. ஆனாலும் இறந்தவர் பெயரை எழுதும்போது கை ஒரு கணம் நிற்கத்தான் செய்கிறது.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றும் நீங்கள் கேட்பீர்கள். முதலில் ஜிம்மி லிட்டிலின் 'ராயல் டெலிபோன்'. பிறகு ஔரியல் ஆண்ட்ரூவைத் தேடுங்கள். அரண்டா இனப் பெண், மேடை ஏறிய முதல் பூர்வகுடிக் கன்ட்ரிப் பாடகிகளில் ஒருவர். 1986இல் போப் இரண்டாம் ஜான் பால் ஆஸ்திரேலியா வந்தபோது 'அமேசிங் கிரேஸ்' பாட்டைப் பிட்ஜன்ஜாஜாரா மொழியில் பாடியவர். அப்புறம் ரோஜர் நாக்ஸ், வாரன் வில்லியம்ஸ். இன்றைய பெரிய மேடைகளில் கேட்க வேண்டுமென்றால் ட்ராய் கசார்-டேலி. கோல்டன் கிட்டாரைத் திரும்பத் திரும்ப வென்றவர், அவருடைய மகள் ஜெம்மும் இப்போது தன் சொந்தப் பாட்டுகளோடு வந்துவிட்டார்.

கடைசியாக ஐசக் யாமாவும் அவர் மகன் ஃப்ராங்க் யாமாவும். ஐசக் பாலைவனத்தில் மேய்ப்பராக வேலை பார்த்தவர். கன்ட்ரியை ஆங்கிலத்தில் பாட வேண்டிய கட்டாயம் இல்லை என்று காட்டிய முன்னோடிகளில் ஒருவர். பிட்ஜன்ஜாஜாரா மொழியிலேயே எழுதி, மகன்களைச் சேர்த்துக்கொண்டு பாடினார், காமா அதைப் பதிவுசெய்தது. ஃப்ராங்க் 2010இல் 'கன்ட்ரிமேன்' என்ற ஆல்பம் தந்தார். ஆழமான, கரகரத்த குரல். சில பாட்டுகள் ஆங்கிலத்தில், சில அப்பாவின் மொழியில். மொழி புரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். இரவில், விளக்கை அணைத்துவிட்டு, முதலில் மகனைக் கேளுங்கள். அதற்குப் பிறகு அப்பாவின் பழைய கேசட் பதிவு எங்காவது கிடைத்தால் போட்டுப் பாருங்கள். மகன் ஒரு வரியின் கடைசிச் சொல்லை இழுத்து, மூச்சோடு கீழே இறக்கி விடுவானே, அந்த இடத்தை அப்பாவிடமும் தேடிப் பாருங்கள்.